செத்த காலேஜுக்கு உயிர் கொடுத்தவர்கள்

சென்னைப் பட்டணத்துப் பாமர மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு முன்னொரு காலத்தில் இட்டு வழங்கிய பெயர் 'செத்த காலேஜ்'. புலியும் கரடியும் உயிரோடு உலவிய மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'; பாடம் செய்த விலங்குகளும் பழங்காலச் சிலைகளும் பேசாமல் நின்ற இடம் 'செத்த காலேஜ்'. படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டு நகைத்தார்கள். அவர்கள் நகைத்திருக்கக் கூடாது. அந்தப் பெயருக்குள் ஒரு முறையீடு அடங்கியிருந்தது. "எங்கள் கண்முன் இவ்வளவு பொருள்களைக் கொண்டுவந்து குவித்தீர்கள், அவற்றைப் பற்றி எங்களோடு பேச ஒருவரையும் நிறுத்தவில்லையே!" என்பதே அந்த முறையீடு.

இதே முறையீட்டுக்கு மேலைநாட்டுக் கலைக்கூடங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விடை வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பார், பொருளுக்கும் பார்வையாளருக்கும் இடையே நின்று பேச ஒரு மனிதர் வேண்டும் என்று வற்புறுத்தினார். கற்பித்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லின் அடியாக அந்த மனிதருக்கு 'டோசன்ட்' என்று பெயர் வழங்கலாயிற்று. 1907-ஆம் ஆண்டு பாஸ்டனில் அப்பணி தொடங்கியது. பின்னர் அது அந்நாடெங்கும் பரவியபோது, அதைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள்; அத்தொண்டர்களிலும் பெரும்பாலோர் பெண்கள்.

அத்தகைய தொண்டர்கள் அனைவரையும் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், 'ஆர்ட் இன்ஸ்டிட்யூட்' எனப்படும் சிகாகோ நகரக் கலைக்கூடம் ஒரே ஒரு மின்னஞ்சலால் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அறுபது ஆண்டுகளாக நடந்துவந்த ஓர் ஏற்பாடு ஒரு நாளில் முடிவுற்றது. வருமானத்தில் ஏற்றத்தாழ்வு இல்லாமல் எல்லாரும் பங்குகொள்ளும் புதிய முறையைக் கொண்டுவரப் போகிறோம். ஊதியம் பெறும் கல்வியாளர்களை அமர்த்தப் போகிறோம். ஆகவே உங்கள் தொண்டு போதும் என்பது அம்மடலின் சாரம். பிரிவுபசாரமாக, இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணமின்றி உள்ளே வந்துபோகும் உறுப்பினர் உரிமையை நீட்டினார்கள். 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளேடு அதே மாதம் தலையங்கம் தீட்டிக் கண்டித்தது. நாடெங்கும் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. சில வாரங்களில் அடங்கியும் போயின.

வாதம் அடங்கிவிட்டது, அது எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. சிகாகோ செய்தது தவறு. நல்ல நோக்கத்தின் பெயரால் செய்யப்பட்ட தவறாகையால், பின்பற்றுவோர் பெருகக்கூடிய தவறு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர்கள் செய்தது என்ன?

'சிகாகோவில் யாரோ சில சீமாட்டிகளை வேலையினின்றும் நிறுத்தினால் நமக்கென்ன?' என்று வாசகர் கேட்கக்கூடும். அந்தக் கலைக்கூடத்தின் ஆசியப் பகுதியில் ஒரு புத்தர் வீற்றிருக்கிறார். கருங்கல்லில் வடித்த சிலை. ஏறத்தாழ பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறந்த ஊர் நாகப்பட்டினம். நம் குடும்பங்கள் கந்தூரிக்குச் செல்லும் நாகூருக்கு அடுத்த ஊர்! ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னர் கடல் கடந்த தேசத்திலிருந்து பொருள் தந்து, இராசராச சோழனின் இசைவோடு அந்தத் துறைமுகத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்புவித்தார். பல தேசத்து வணிகரும் பல சமயத்து மாந்தரும் ஒரே கரையில் இறங்கி வாழ்ந்த ஊர் அது. சிகாகோவில் அச்சிலையின் அருகே ஒட்டியிருக்கும் சிறு அட்டையில் இவ்வளவும் அடங்குமா? அட்டை ஆண்டைச் சொல்லும், ஊரைச் சொல்லும், கல்லின் வகையைச் சொல்லும். பத்து வயதுச் சிறுவன் ஒருவன், 'இவ்வளவு கனமான கல்லை எப்படிக் கொண்டுவந்தார்கள்? யார் கொடுத்தார்கள்? கேட்டு வாங்கினார்களா?' என்று கேட்டால், அட்டை வாய் திறக்காது. வாய் திறப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

அதே கட்டிடத்தில் ஜார்ஜ் சூரா என்ற பிரெஞ்சு ஓவியர் தீட்டிய புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. 1884-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் உழைத்து, கண்ணுக்கு எட்டாத சிறு சிறு வண்ணப் புள்ளிகளாலேயே ஓர் ஆற்றங்கரையின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதை அவர் உருவாக்கினார். மூக்கு உரசும் தூரத்தில் நிற்கும் குழந்தைக்கு அது வெறும் புள்ளிக் கூட்டம். 'பத்தடி பின்னே வா, கண்ணே!' என்று கூப்பிட ஒருவர் இருந்தால், புள்ளிகள் கரைந்து, குடை பிடித்த மங்கையும் புல்தரையும் நீரில் மிதக்கும் படகும் அக்குழந்தையின் கண்முன் எழும். கலைக்கல்வி என்பது பெரும்பாலும் இதுதான். தக்க தருணத்தில் தக்க ஒருவர் சொல்லும் ஒரு சிறு சொல்.

1961-ஆம் ஆண்டு முதல் அந்தச் சொல்லைச் சொல்லி வந்தவர்கள் இந்தத் தொண்டர்களே. கலைக்கூடத்தின் மகளிர் வாரியமும் 'ஜூனியர் லீக்' என்னும் மாதர் அமைப்பும் அன்று இதற்குக் கைகொடுத்தன. தொண்டர்கள் அக்கலைக்கூடத்தின் தலைவருக்கு எழுதிய மறுப்புக் கடிதத்தில் தாங்கள் பெற்ற பயிற்சியை விவரித்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாளாகப் பதினெட்டு மாதப் பயிற்சி. அதற்குமேல் ஐந்தாண்டுக் காலம் ஆய்ந்து எழுதும் கடமை. அவர்கள் ஒவ்வொருவரும் தொண்டாற்றிய காலம் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள். நீக்கப்பட்டபோது பணியில் இருந்தவர்கள் எண்பதுக்கு மேற்பட்டோர். பொழுது போகாமல் வந்து நின்று புன்னகை செய்தவர்கள் என்று இவர்களை யாரேனும் எண்ணினால், இந்தக் கணக்கைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்களாக!

எதிர்வாதத்தின் நியாயம்

எதிர்த் தரப்பின் நியாயத்தை மறைத்துவிட்டு வாதாடுவது வழக்காளிக்கு அழகாகலாம், எழுத்தாளனுக்கு அழகன்று. கலைக்கூடத்தாரின் வாதத்தில் உண்மை உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

வாரத்தில் இரண்டு பகற்பொழுதுகளை ஒன்றரை ஆண்டு காலம் கூலியின்றிக் கொடுக்கக்கூடியவர் யார்? மாதச் சம்பளத்தை நம்பி வாழும் தையற்காரி கொடுக்க முடியுமா? இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் தாய் கொடுக்க முடியுமா? முடியாது. கணவரின் வருவாயோ, ஓய்வூதியமோ, பூர்வீகச் சொத்தோ உடையவரால்தான் முடியும். ஆதலால், தொண்டர்களில் மிகப் பெரும்பாலோர் வசதி படைத்த, வயது முதிர்ந்த வெள்ளை இனப் பெண்மணிகளாக இருந்ததில் வியப்பில்லை. சிகாகோ நகர மக்களோ அப்படிப்பட்டவர்கள் அல்லர். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அங்கே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வீதம் வாழ்கிறார்கள். பள்ளிகளிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளைகளில் பலர், தம்மைப் போன்ற முகம் ஒன்றுகூட விளக்கம் சொல்லக் காணாமல் திரும்பினார்கள் என்றால், அது குறையே. 'இந்த இடம் நம்முடையதன்று' என்று ஒரு குழந்தையின் உள்ளத்தில் படிந்துவிட்டால், பிறகு எத்தனை இலவச நுழைவுச் சீட்டு கொடுத்தாலும் அந்தக் கறை நீங்காது.

நோய் உண்மை. ஆனால், வைத்தியர் கொடுத்த மருந்தோ நோயாளியின் நாவை அறுப்பதாக இருக்கிறது.

குற்றம் கதவினுடையது

முதற்கேள்வி: கதவு குறுகலாக இருந்தது யாருடைய குற்றம்? பயிற்சி நேரத்தைப் பகலில் வைத்தது யார்? பேருந்துக் கட்டணமும் பகலுணவும் கொடுக்காமல் விட்டது யார்? தொண்டர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே: நிருவாகத்தார். நீக்கப்படுவதற்கு முன் பல ஆண்டுகளாகவே புதியவர்களைச் சேர்க்காமல் நிறுத்திவைத்திருந்தார்கள் என்று தொண்டர்கள் குறைகூறியிருக்கிறார்கள். தான் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவர்களை நோக்கி, 'உங்களால்தான் வேறெவரும் உள்ளே வர முடியவில்லை' என்று ஒரு நிருவாகம் சொல்லுமானால், அதனை நீதி என்று எப்படி ஏற்பது?

புதியவர்களைச் சேர்த்திருக்கலாம். பழையவர் பக்கத்தில் புதியவரை நிறுத்தியிருக்கலாம். முப்பதாண்டு அனுபவமுள்ள ஒரு மூதாட்டியும், தெற்குச் சிகாகோவின் கறுப்பினக் குடும்பத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியும் ஓராண்டுக் காலம் சேர்ந்து நடந்தால், இருவருமே அல்லவா கற்றுக்கொள்வார்கள்? அந்த அறிவு கைமாறும் வழியை வெட்டிவிட்டார்கள். விரும்பினால் ஊதியப் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்று பழைய தொண்டர்களுக்குச் சொன்னார்களாம். பதினைந்து ஆண்டு பந்தியில் பரிமாறியவரை வெளியே அனுப்பிவிட்டு, வாசலில் நின்று பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்வது மரியாதையா?

இன்னொன்றையும் கூறவேண்டும். 'வசதியுள்ள கிழவிகள்' என்று இவர்களைப் பலர் ஏளனம் செய்தார்கள். 1961-இல் ஒரு குடும்பப் பெண்மணிக்கு, அவள் எவ்வளவு படித்திருந்தாலும், வெளியுலகில் திறந்திருந்த கதவுகள் எத்தனை? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, ஐம்பது வயதில் மீண்டும் புத்தகத்தைத் திறந்து, தேர்வெழுதும் மாணவிபோல் படித்து, அன்னியப் பிள்ளைகளின் முன் நின்று பேசும் துணிவை அவர்களுக்குத் தந்த இடம் அது. நம் வீடுகளிலும் அத்தகைய தாய்மார்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதோடு ஒரு பெண்ணின் அறிவுக்கு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணும் வழக்கம் நம்மிடமும் குறைவாக இல்லை. ஆகவே, இந்த ஏளனத்தில் நாம் பங்குகொள்ளலாகாது.

ஊதியம் ஒன்றே நீதியா?

இரண்டாவது கேள்வி: கூலி கொடுத்துவிட்டால் நியாயம் பிறந்துவிடுமா? மணிக்கு 25 டாலர் வீதம் பகுதிநேரக் கல்வியாளர்களை அமர்த்துவதே அவர்களது ஏற்பாடு. உழைப்பவருக்குக் கூலி கொடுப்பதை எவர் எதிர்ப்பார்? நான் எதிர்க்கவில்லை. ஆனால், கலைக்கூடங்கள் தங்கள் கல்வியாளர்களை எப்படி நடத்திவந்திருக்கின்றன என்ற வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

இலண்டன் நேஷனல் கேலரியில் ஊதியத்துக்குக் கற்பித்துவந்த கல்வியாளர் இருபத்தேழு பேர். அவர்களிற் சிலர் பல்லாண்டுகள் பணியாற்றியவர்கள். 2017 அக்டோபரில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 'நீங்கள் எங்கள் பணியாளர்களே அல்லர். தனித்தொழில் செய்பவர்கள்' என்பது நிருவாகத்தின் நிலை. அவர்கள் தொழில் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள். அவர்கள் தொழிலாளர் என்னும் தகுதிக்கு உரியவர்களே என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. தொழிலாளி என்ற ஒரு சொல்லைப் பெறுவதற்கே வழக்காட வேண்டியிருந்தது!

நியூயார்க் நகர நவீனக் கலை அருங்காட்சியகம் செல்வத்தில் எவருக்கும் குறைந்ததன்று. கொள்ளைநோய் பரவிக் கதவடைத்த 2020 மார்ச்சு மாதத்திலேயே, ஒப்பந்தத்தில் கற்பித்துவந்த கல்வியாளர்களின் ஒப்பந்தங்களை அது முடித்துக்கொண்டது. அதுவும் மின்னஞ்சல் வழியாகத்தான். சிகாகோவை எடுத்துக்கொண்டாலும், தொண்டர்களை நீதியின் பெயரால் நீக்கிய அதே காலத்தில், அந்தக் கலைக்கூடத்தின் ஊதியப் பணியாளர்கள் தங்கள் ஊதியமும் நிலைமையும் போதா என்று தொழிற்சங்கம் அமைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். 2022 சனவரியில் வாக்களித்துச் சங்கமும் அமைத்தார்கள்.

இவற்றால் பெறப்படுவது என்ன? மணிக்கணக்கில் கூலி பேசி அமர்த்தப்படும் கல்வியாளர் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி ஆகிறார். நல்ல ஆண்டில் அந்த வரி இருக்கும். கெட்ட ஆண்டில் முதலில் அடிக்கப்படுவது அந்த வரியே. ஓவியத்தை விற்கமாட்டார்கள், கூரையைப் பிரிக்கமாட்டார்கள், குழந்தையோடு பேசும் குரலை நிறுத்துவார்கள். நிலையான வேலையும் சங்கப் பாதுகாப்பும் இல்லாத கூலியை நீதி என்று அழைப்பது, தொண்டரையும் தொழிலாளரையும் ஒருங்கே ஏமாற்றுவதாகும்.

ஏழையிடம் கொடுக்க ஒன்றுமில்லையா?

மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் முக்கியமானது. 'வசதியுள்ளவர்தாம் தொண்டு செய்ய முடியும்' என்ற வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, ஏழையைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? அவன் வாங்கப் பிறந்தவன். கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை என்றல்லவா சொல்கிறோம்?

ஆக்ஸ்போர்டு நகரைப் பாருங்கள். அங்குள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமும் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகமும் 'முல்தகா' என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டை நடத்தலாயின. சந்திக்கும் இடம் என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். போரும் வன்கொடுமையும் துரத்த, சொந்த நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் அங்கே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். உலகின் மிகச் சிறந்த அஸ்தர்லாப் தொகுப்புகளுள் ஒன்று அந்த அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விண்மீன்களின் உயரத்தை அளக்கவும், பொழுதைக் கணிக்கவும், கிப்லாவின் திசையை அறியவும் முஸ்லிம் அறிஞர்களும் கைவினைஞர்களும் பித்தளையில் நுணுக்கமாகச் செதுக்கிய கருவி அது. அரபி எழுத்துப் பொறித்த அத்தகைய பொருள்களைப் பற்றி, அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் அகதி பேசும்போது, கேட்பவர் எவ்வளவு பெறுகிறார்! பேசுபவர் அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பெறுகிறார். வரிசையில் நின்று உதவி வாங்கிய கை, அன்றைக்குக் கொடுக்கும் கையாகிறது.

பெர்லின் நகரமே இதற்கு முன்மாதிரி. 2015-ஆம் ஆண்டின் இறுதியில், அந்நகர அருங்காட்சியகங்கள் சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்களைப் போன்ற பிறருக்கு அவர்கள் மொழியிலேயே வழிகாட்டச் செய்தன. 'முல்தகா' என்ற பெயரும் அங்கே பிறந்ததுதான். அலெப்போ நகரத்து வணிகர் வீட்டு மர வேலைப்பாடு பெர்லினில் இருந்தது. அலெப்போவைப் பிரிந்து வந்தவனும் பெர்லினில் இருந்தான். இருவரையும் சேர்த்துவைத்தவர்கள் அறிவாளிகள். நாடிழந்து வந்தவர்களால் இது முடிந்தது என்றால், சிகாகோவின் ஏழைகளால் முடியாது என்று தீர்மானிக்க எவருக்கு உரிமை இருக்கிறது?

தொண்டின் பெயரால் நடக்கும் சுரண்டல்

இவ்வளவும் சொன்ன நான், மறுபக்கத்துக் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் நடுநிலை தவறியவனாவேன். தொண்டு என்ற புனிதமான சொல்லைக் கூலி மிச்சம் பிடிக்கும் தந்திரமாக்கிக்கொண்ட நிருவாகங்களும் உண்டு. காவலரை நிறுத்திவிட்டு அந்த நாற்காலியில் தொண்டரை உட்காரவைப்பது. பட்டியல் தயாரிக்கும் பணியாளர் ஓய்வு பெற்றால், அந்த இடத்தை நிரப்பாமல் கல்லூரிப் பிள்ளைகளை 'அனுபவம் கிடைக்கும்' என்று ஆசைகாட்டி இழுப்பது. இவை தொண்டல்ல, திருட்டு. ஒருவனுடைய வயிற்றுப்பாட்டைப் பறித்து, இன்னொருவனின் நல்லெண்ணத்தால் அந்தப் பள்ளத்தை நிரப்புவது இருவருக்கும் செய்யும் துரோகம்.

தொண்டர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நெடுநாள் ஓரிடத்தில் இருப்பவருக்கு அந்த இடம் தம் சொத்து என்ற எண்ணம் வந்துவிடுவதுண்டு. நம் சங்கங்களிலும் பள்ளிக்கூடக் குழுக்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்ததையே ஒப்பிப்பவர், புதியவர் வந்தால் முகம் சுளிப்பவர், திருத்தினால் சினப்பவர், அவர் செய்வது தொண்டே ஆயினும், ஒதுங்கி வழிவிட வேண்டியவரே. கித்மத்து என்பது நாற்காலியன்று. எழுந்து நிற்பதற்குத் தயாராக இருப்பவருக்கே அது பொருந்தும்.

அமானிதம்

இனி, இந்த வழக்கின் வேருக்கு வருவோம். பொதுக் கலைக்கூடத்திலுள்ள பொருள்கள் யாருக்குச் சொந்தம்? சிகாகோக் கலைக்கூடம் தனி அறக்கட்டளையால் நடத்தப்படுவதுதான். ஆனால், அக்கட்டிடம் நிற்பது நகரப் பூங்கா நிலத்தில். மக்கள் செலுத்தும் பூங்கா வரியில் ஒரு பங்கும் அதற்குச் செல்கிறது. அக்கட்டிடம் எழுந்த 1893-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் மாதத்தில், உலகச் சமயங்களின் மாநாடு அங்கேதான் கூடியது. விவேகானந்தர் பேசிய மேடை என்று நாமெல்லாரும் அறிவோம். இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கரான முஹம்மது அலெக்சாண்டர் ரஸ்ஸல் வெப் அதே மாநாட்டில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசினார் என்பதை நம்மில் சிலரே அறிவோம். பிறந்தவுடனேயே பல குரல்களுக்கு இடங்கொடுத்த கட்டிடம் அது.

அத்தகைய இடத்திலுள்ள செல்வம் மக்களின் அமானிதம். நிருவாகத்தார் அதன் காவலர், உடைமையாளர் அல்லர். உடைமையாளராகிய பொதுமக்கள் அங்கே எந்த வடிவில் இருக்கிறார்கள்? சீட்டு வாங்கி உள்ளே வருபவராக இருக்கிறார்கள். அதற்குமேல், தொண்டர் என்ற வடிவத்தில்தான் இருக்கிறார்கள். 'இது நம்முடையது, வாருங்கள், காட்டுகிறேன்' என்று ஒரு குடிமகள் இன்னொரு குடும்பத்தின் குழந்தையிடம் சொல்லும்போது, அங்கே உரிமை பேசுகிறது. எல்லாக் குரலும் சம்பளப் பட்டியலில் அடங்கிவிட்டால், மக்களுக்கு மிஞ்சுவது வாடிக்கையாளர் என்ற பதவி ஒன்றுதான். வாடிக்கையாளர் திருப்தியடையலாம், குறை சொல்லலாம், திரும்பிப் போகலாம். பொறுப்பேற்க அவருக்கு வழியில்லை.

ஆகவேதான் சொல்கிறேன்: தொண்டரை நீக்குவது ஆட்குறைப்பு என்ற அளவில் நின்றுவிடுவதன்று. ஊர்ச் சொத்திலிருந்து ஊராரை வெளியேற்றும் செயலின் முதற்படி அது.

செய்யத்தக்கது யாது?

குறை சொல்வதோடு நில்லாமல், வழியையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பயிற்சி வகுப்புகளை மாலையிலும் விடுமுறை நாட்களிலும் நடத்துக. பகலில் உழைப்பவரும் அப்போதுதான் வர முடியும். இரண்டாவது, வருகிறவர் எவராயினும் வண்டிச் சத்தமும் உணவும் கொடுக்கப்படட்டும். அது கூலியாகாது, தொண்டு செய்பவர் கைப்பொருளை இழக்காமலிருக்கச் செய்யும் நியாயம். மூன்றாவது, வேலையை விட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு வரமுடியும் என்னும் நிலையிலுள்ள இளைஞருக்குப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை அளிக்கப்படட்டும். நான்காவது, பழையவரும் புதியவரும் இணையாக நடக்கட்டும். இத்தனை ஆண்டுக்குப் பிறகு வழிகாட்டுவதிலிருந்து விலகி, புதியவருக்குக் கற்பிக்கும் இடத்துக்கு மாறவேண்டும் என்று ஒரு வரம்பும் இருக்கட்டும். ஐந்தாவது, பாடத்தை வகுப்பவர், காவல் காப்பவர், பொருளைப் பேணுபவர் ஆகிய எல்லாருக்கும் நிலையான வேலையும் முறையான ஊதியமும் வேண்டும். அவர்களின் இடத்தில் ஒருநாளும் தொண்டரை அமர்த்தலாகாது.

இவற்றில் எதுவும் செய்ய முடியாத செயலன்று. எண்பது பேரை அனுப்பிவிடுவது எளிது. இருநூறு பேரைச் சேர்ப்பது கடினம். கடினமானதைச் செய்ய மனமில்லாதவர்கள் எளியதைச் செய்துவிட்டு, அதற்கு நீதி என்று பெயரிட்டார்கள்.

இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்களில் சிலருடைய பிள்ளைகள் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் வாழ்கிறார்கள். சிங்கப்பூரில் 1978 முதல் அருங்காட்சியகத் தொண்டர் அமைப்பு ஒன்று வழிகாட்டிகளைப் பயிற்றுவித்து வருகிறது. இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் தொண்டர்கள் நடத்தும் இலவச விளக்கங்கள் பார்வையாளருக்கு நெடுநாள் பழக்கமானவை. பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் தாய்மார்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், அந்தந்த ஊர்களிலேயே குடியிருக்கும் நம் இளைஞர்களும், 'அது வெள்ளைக்காரன் இடம், பணக்காரன் இடம்' என்று வெளியே நின்றுவிட்டால், சிகாகோவின் நிருவாகத்தார் சொன்னது சரி என்று நாமே சாட்சி சொன்னவராவோம்.

நாகப்பட்டினத்துக் கருங்கல் புத்தர் பேசமாட்டார். அந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேச, அந்தக் கடற்காற்றைச் சுவாசித்து வளர்ந்தவரைவிடத் தகுதியுடையவர் யார்? உள்ளே சென்று, 'நான் கற்றுக்கொள்கிறேன். பிறகு சொல்கிறேன்' என்று கேளுங்கள். கதவு மூடியிருந்தால், திறக்கும்வரை தட்டுங்கள். செத்த காலேஜுக்கு உயிர் கொடுப்பது மனிதக் குரல் ஒன்றே. அந்தக் குரல் விலைக்கு வாங்கப்பட்டதாக மட்டுமே இருக்கவேண்டும் என்று எவரும் சட்டம் போடவிடாதீர்கள்.